வூர்ட்ஸ்பர்க்கின் கூரைகள்

நேயர்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில், மைன் ஆற்றின் இரு கரைகளிலும் பரந்து கிடக்கும் பழைய நகரம் வூர்ட்ஸ்பர்க். அந்த ஊரின் அரண்மனையையும் ஆலயங்களையும் இரண்டு முறை சென்று பார்த்திருக்கிறேன். முதல் முறை எனக்குக் கிடைத்தது அரை நாள். இரண்டாம் முறை நான்கு நாள்கள் தங்கினேன். அந்த நான்கு நாள்களில் நான் கற்றுக்கொண்டது ஒன்றுண்டு. இந்த ஊரில் எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் முதலில் அண்ணாந்து கூரையைப் பார்க்க வேண்டும். இதை இன்றைய உரையில் பலமுறை சொல்வேன். நேயர்கள் பொறுத்தருள வேண்டும்.

அரண்மனையையும் ஆலயத்தையும் ஒரே உரையில் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. இந்த நகரத்தை ஆண்டவர்கள் ஆயர்கள், அதாவது கத்தோலிக்கத் திருச்சபையின் பிஷப்புகள். திருப்பலி நிறைவேற்றிய அதே கைகளே வரி வாங்கின, படை நடத்தின. ஊரின் பேராலயத்தில், நடுக்கூடத்துத் தூண் ஒன்றில், ருடால்ஃப் ஃபான் ஷெரன்பர்க் என்ற ஆயரின் உருவம் செந்நிறப் பளிங்கில் நிற்கிறது. 1495ஆம் ஆண்டு, தொண்ணூறு வயதைக் கடந்த நிலையில் மறைந்தவர் அவர். சிற்பி டில்மன் ரீமன்ஷ்னைடர் அவரை இளமையாக்கிக் காட்டவில்லை. கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது, கண்ணைச் சுற்றி வரிவரியாகச் சுருக்கம், உதடுகள் உள்ளே மடிந்திருக்கின்றன. அந்தத் தளர்ந்த கிழவரின் ஒரு கையில் ஆயருக்குரிய செங்கோல், மறு கையில் வாள். அரண்மனையும் ஆலயமும் ஒரே மனிதருடையவையாக இருந்த கதை முழுவதும் அந்த இரண்டு கைகளில் இருக்கிறது.

ஏறத்தாழ 450 ஆண்டுகள் இந்த ஆயர்கள் ஆற்றின் அக்கரையில் மரியன்பெர்க் குன்றின்மேல் உள்ள கோட்டையில் வாழ்ந்தார்கள். 18ஆம் நூற்றாண்டில், ஊருக்குள் இறங்கி வந்து பெரிய அரண்மனை ஒன்றைக் கட்ட முடிவு செய்தார்கள். ரெசிடென்ஸ் என்று வழங்கும் அந்த அரண்மனையின் வேலை 1720இல் தொடங்கியது. பொறுப்பேற்ற பால்தசார் நொய்மான், மணியும் பீரங்கியும் வார்க்கும் தொழில் கற்று, பிறகு கட்டடக்கலைக்கு வந்தவர். வியன்னாவிலிருந்தும் பாரிஸிலிருந்தும் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர்கள் ஆலோசனை சொன்னார்கள் என்றாலும், படிக்கட்டு மண்டபத்துக்குத் தூண் ஒன்றுகூட இடையில் இல்லாமல் கல்லால் வளைகூரை எழுப்பிய பெருமை நொய்மானுக்கே உரியது. நீளம் ஏறத்தாழ 30 மீட்டர், அகலம் 18 மீட்டர். இது நிற்காது என்று சொன்னவர்களிடம், உள்ளே பீரங்கி வைத்துச் சுட்டுப் பாருங்கள் என்று அவர் சவால் விட்டதாக ஊரில் ஒரு கதை வழங்குகிறது. கதையின் உண்மை எப்படியானாலும், 1945இல் வந்த சோதனை பீரங்கியைவிடக் கொடியது. அதற்குப் பிறகு வருகிறேன்.

அந்தக் கூரையில் 1752, 1753 ஆகிய இரண்டு ஆண்டுகளில் வெனிஸ் நகரத்து ஓவியர் டியேப்போலோ தம் மகன்களுடன் சேர்ந்து வரைந்த ஓவியம் 600 சதுர மீட்டருக்கும் மேற்பட்டது. வீடு கட்டிய அனுபவம் உள்ளவர்களுக்குச் சுவர்ப்பூச்சு எத்தனை விரைவில் இறுகும் என்பது தெரிந்திருக்கும். இந்த வகை ஓவியத்தில் சுண்ணாம்புப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே வண்ணம் தீட்டியாக வேண்டும். வண்ணம் பூச்சுக்குள் இறங்கி அதனோடு ஒன்றாகிவிடும். ஆகவே அன்றன்றைக்கு எவ்வளவு வரைய முடியுமோ அவ்வளவுக்கு மட்டுமே பூசுவார்கள். அப்படி நாள்நாளாகப் பூசி, நாள்நாளாக வரைந்த கூரை அது.

நான்கு கண்டங்களையும் நான்கு பெண்களாகக் காட்டும் ஓவியம் அது. படியில் கால் வைக்கும்போது மேலே முதலில் தெரிவது அமெரிக்கா. முதலையின்மேல் இறகு முடி சூடிய பெண் அமர்ந்திருக்கிறாள். ஏற ஏற, ஒரு பக்கம் யானைமேல் ஆசியா, மறுபக்கம் ஒட்டகத்தோடு ஆப்பிரிக்கா. நடுத்திட்டில் படி இரண்டாகப் பிரிந்து எதிர்த்திசையில் திரும்புகிறது. நாமும் திரும்பும் அந்தக் கணத்தில் அதுவரை முதுகுக்குப் பின்னால் இருந்த ஐரோப்பா கண்முன் எழுகிறது. அங்கே கீழ்விளிம்பில், ஒரு பீரங்கியின்மேல் சாய்ந்தபடி, படைச்சீருடையில் ஒருவர் உட்கார்ந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர்தான் நொய்மான். அவர் கட்டிய கூரையிலேயே அவருக்கு இடம் கொடுத்திருக்கிறார் ஓவியர். முதல் பயணத்தில் நான் படியைப் பார்த்துக்கொண்டே ஏறிவிட்டேன். அவசரப்படாமல், படிக்குப் படி நின்று, கூரையைப் பாருங்கள்.

இனி 1945. மார்ச் 16ஆம் நாள் இரவு, பிரிட்டிஷ் விமானங்கள் சுமார் 20 நிமிடம் குண்டு வீசின. சுமார் 5,000 பேர் மாண்டார்கள். பழைய நகரத்தில் பத்தில் ஒன்பது பங்கு எரிந்து அழிந்தது. ஒவ்வோர் ஆண்டும் அதே இரவில், அதே 20 நிமிடம் ஊரின் ஆலய மணிகள் எல்லாம் ஒலிக்கின்றன. அரண்மனையின் மரக்கூரைகள் தீப்பற்றி, எரியும் உத்தரங்கள் வளைகூரைகளின்மேல் விழுந்தன. பக்கக் கட்டடங்கள் உள்ளுக்குள் எரிந்து கூடாயின. நடுப்பகுதியின் மற்ற வளைவுகளோடு படிக்கட்டு மண்டபத்துக் கல்வளைவும் தாங்கி நின்றது. அதன் அடியில் டியேப்போலோவின் ஓவியமும் பிழைத்தது.

பிழைத்த ஓவியத்துக்கு அடுத்து வந்த பகை மழை. மேலே கூரை இல்லை. வளைவின் முதுகு வானம் பார்த்துக் கிடந்தது. ஒழுகும் வீட்டில் மழைக்காலம் கழித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முதலில் ஒரு நனைந்த வட்டம், பிறகு உப்புப் பூத்தல், பிறகு பூச்சு பொருக்குப் பொருக்காக உதிர்தல். வண்ணம் பூச்சோடு ஒன்றாகிவிடும் என்று சற்றுமுன் சொன்னேன். அப்படியானால் பூச்சு உதிர்ந்தால் வண்ணமும் உதிரும். அந்த வேளையில் வந்து சேர்ந்தவர் ஜான் டேவிஸ் ஸ்கில்டன் என்ற அமெரிக்கப் படை அதிகாரி. கலைச் சின்னங்களைக் காக்கும் பிரிவைச் சேர்ந்தவர். ஊரே வீடிழந்து நிற்கும்போது பலகை எங்கே கிடைக்கும்? ஆற்றில் மரக்கட்டைகள் கிடப்பதைக் கண்டுபிடித்தார். அவற்றை அறுக்க மர அறுப்பு ஆலையை இயக்க வழிசெய்தார். ஊர்த் தொழிலாளர்களைக் கொண்டு, வளைவுகளின் மேல் தற்காலிகக் கூரை ஒன்றை எழுப்பினார். சில மாதங்களுக்கு முன்புவரை எதிரியாக இருந்த நாட்டின் ஓவியத்துக்காக ஒருவர் பலகை தேடி அலைந்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் என் மனம் நெகிழ்கிறது. இன்று நாம் அண்ணாந்து பார்க்கும் நீலமும் இளஞ்சிவப்பும் அந்தப் பலகைகள் தந்தவை.

இதே கதையின் மறுபக்கத்தைப் பேராலயத்தில் காணலாம். 1040ஆம் ஆண்டையொட்டித் தொடங்கிய, ரோமனெஸ்க் என்னும் இடைக்கால ஐரோப்பிய பாணியிலான, நூறு மீட்டர் நீண்ட ஆலயம் அது. தீயில் வலுவிழந்து நின்ற நடுக்கூடம் 1946 பிப்ரவரியில் இடிந்து விழுந்தது. குண்டு வீழ்ந்து பதினொரு மாதம் கழித்து! 1967இல் மறுபடியும் திறந்தபோது, விழுந்த பகுதியைப் பழையதுபோல் போலிசெய்யாமல், வெற்றுச் சுவரும் தட்டைக் கூரையுமாக விட்டுவிட்டார்கள். விழாமல் தப்பிய பகுதிகளில் சுதை வேலைப்பாடு அப்படியே இருக்கிறது. நடந்துகொண்டே அண்ணாந்து பார்த்தால், எதுவரை இழப்பு, எங்கிருந்து எச்சம் என்பது கூரையிலேயே தெரியும். நான் அந்த எல்லையில் வெகுநேரம் நின்றேன்.

அரண்மனையின் கண்ணாடி அறையிலோ வேறு முடிவெடுத்தார்கள். சுவரோடு சுவராகப் பதித்த கண்ணாடிகளைப் போருக்கு முன் கழற்றி எடுக்க முடியவில்லை, எல்லாம் நொறுங்கின. எஞ்சிய ஒரு துண்டையும் பழைய புகைப்படங்களையும் 19ஆம் நூற்றாண்டின் ஒரு நீர்வண்ண ஓவியத்தையும் வைத்துக்கொண்டு, 1979 முதல் 1987 வரை, கண்ணாடியின் பின்புறத்தில் வரையும் பழைய முறையை மீட்டெடுத்து, முழு அறையையும் புதிதாகச் செய்தார்கள். பேராலயத்தின் முடிவே என் மனத்துக்கு நெருக்கமானது. எனினும் அந்த அறையில் நின்றபோது, எட்டு ஆண்டுகள் உழைத்த கைகளைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நேரம் நெருங்கிவிட்டதால், விரிவாகச் சொல்ல எண்ணியிருந்த மற்ற ஆலயங்களைச் சுருக்கமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. சந்தைச் சதுக்கத்தில் இருக்கும் மரியன்னை சிற்றாலயம், 1349இல் யூதர்களைக் கொன்றபோது அழிக்கப்பட்ட அவர்களுடைய தொழுகைக்கூடத்தின் இடத்தில் எழுந்தது. அதை அறிந்துகொண்டே உள்ளே போக வேண்டும். அதன் வடக்கு வாயிலில், இயேசுவைக் கருத்தரிக்கப்போவதை மரியாவுக்கு வானதூதர் அறிவிக்கும் மங்கள வார்த்தைக் காட்சி: தந்தையாகிய இறைவனின் வாயிலிருந்து மரியாவின் காதுவரை ஒரு குழாய் நீள்கிறது, அதன்மேல் குழந்தை இயேசு சறுக்கிக்கொண்டு வருகிறார். நொய்மானின் உடல் அடக்கமாகியிருப்பதும் இந்த ஆலயத்தில்தான். தெற்கு வாயிலில் நிற்கும் ஆதாமும் ஏவாளும் ரீமன்ஷ்னைடர் செதுக்கியவற்றின் நகல்கள். மூலச் சிற்பங்கள் குன்றின்மேல் கோட்டை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 1525இல் விவசாயிகள் கிளர்ச்சியின்போது நகரமன்றம் அவர்கள் பக்கம் நின்றதற்காக, மன்ற உறுப்பினரான ரீமன்ஷ்னைடரை அதே கோட்டையில்தான் சிறைவைத்து வதைத்தார்கள்.

கடைசியாக, நொய்மான் கட்டிய கேப்பலே என்ற திருத்தலம். ஆற்றின் அக்கரைக் குன்றில், இயேசு சிலுவை சுமந்து சென்றதைக் காட்டும் சிலுவைப் பாதை நிலைகளின் ஊடே படியேறிப் போக வேண்டும். மாலையில் ஏறுங்கள். மேலே திண்ணைச் சுவரில் சாய்ந்து திரும்பினால், பாலமும் கோபுரங்களும் அரண்மனையின் நீண்ட முகடும் ஒரே பார்வைக்குள் வரும். அங்கே மட்டும் கூரைகளை அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை. அவை கீழே, ஓடு ஓடாக, மைன் ஆறுவரை இறங்கிச் செல்கின்றன.

நன்றி. வணக்கம்.