பீடத்தையும் சேர்த்துப் படம் எடுங்கள்

தலைவர் அவர்களே, வாழ்த்துரை வழங்கிய தமிழாசிரியர் பெருந்தகை அவர்களே, ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் சாரலையும் கடந்து வந்திருக்கும் புகைப்பட ஆர்வலர்களே, வேண்டாம் என்று சொல்லியும் கேளாமல் எனக்குப் பொன்னாடை போர்த்திய நூலகர் அம்மையார் அவர்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

பொதுச் சிலைகளைப் படம் எடுப்பது குறித்துச் சட்டம், வெளிச்சம், சேமிப்பு என்னும் மூன்றையும் நான் பேசுவேன் என்று அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறார்கள். சட்டம் எளிது. பொது இடத்தில் நிலையாக நிறுவப்பட்ட சிற்பத்தைப் படம் எடுப்பதும் அதை வெளியிடுவதும் பதிப்புரிமை மீறல் ஆகாது என்று 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே அச்சமின்றி எடுக்கலாம். ஆனால் எதை எடுக்கிறோம் என்பதே என் கவலை.

‘நாயைக் கண்டால் கல்லைக் காணோம், கல்லைக் கண்டால் நாயைக் காணோம்’ என்பார்கள். 1792இல் சேலமும், இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்துப் பாரமகாலும் கிழக்கிந்தியக் கும்பினியார் கைக்கு வந்தபோது, அலெக்சாண்டர் ரீடின் உதவியாளராக இங்கே வரி வசூலைச் சீர்செய்ய வந்தவர் தாமஸ் மன்றோ. சென்னையிலுள்ள அவருடைய குதிரைச் சிலையில் சேணம் இல்லை, அங்கவடி இல்லை என்று கதை சொல்லாதவர் இல்லை. அதை வடித்த பிரான்சிஸ் சான்ட்ரியின் பெயரை அவர்களில் எத்தனை பேர் சொல்வார்கள்?

என் தவற்றையும் சொல்லிவிடுகிறேன். நம் நகரத்துச் சந்திப்பு ஒன்றில் நின்ற ஒரு தலைவரின் சிலையை, இளமைத் திமிரில் தரையில் படுத்து, வானம் பின்னணியாக அமையும்படி எடுத்தேன். பீடம் படத்துக்குள் வரவில்லை. பின்னர் சாலையை அகலப்படுத்தியபோது சிலை இடம் மாறியது. புதிய பீடத்துக் கல்வெட்டில் விழாவுக்கு வந்தவர்கள் அனைவரும் இருந்தார்கள், சிற்பி மட்டும் இல்லை. பழைய கல்வெட்டைத் தேடி அலைந்தபோது, எதிரே டீக்கடை வைத்திருந்த பெரியவர், “தம்பி, என் கல்யாண ஆல்பத்தைப் பாருங்க” என்றார். அந்தக் காலத்தில் மணமக்களைச் சிலையடியில் நிறுத்திப் படம் எடுப்பார்களாம். ஆல்பத்தின் வெண்ணெய்த்தாளைத் தூக்கினால் மணமகன் விறைப்பாக நிற்கிறார், அம்மையார் நாணத்தில் முழங்கையை மடித்திருக்கிறார், பின்னால் பழைய பீடம். பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். ‘சிற்பி’ என்ற சொல் தெளிவாக இருந்தது. அதற்கு அடுத்த இடத்தில் அம்மையாரின் முழங்கை! உள்ளே இருந்து எட்டிப் பார்த்த அம்மையார், “அன்னைக்குச் சொல்லியிருந்தா நகர்ந்து நின்னிருப்பேனே” என்றார். அவர்களாவது மணமக்கள், கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு கல்லைக் காணாத நாய்க்கதை என்னுடையது.

வெளிச்சம் பற்றிப் பேச நேரமில்லை. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். சேமிப்புக்கு வருகிறேன். 1935இல் டி. ஆர். சுந்தரம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் படப்பிடிப்பு நிலையத்தில் இன்று முகப்பு வளைவு மட்டுமே நிற்கிறது. அந்த வளைவின் அடியில் நின்று எடுத்த குடும்பப் படங்கள் நம் வீட்டு பீரோக்களில் எத்தனை கிடக்கும்! அவற்றையும், சிலையடியில் எடுத்த எல்லாப் படங்களையும் இந்த நூலகத்துக்குக் கொண்டுவாருங்கள். நகல் எடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தருவதாக நூலகர் அம்மையார் இசைந்திருக்கிறார். புதிதாக எடுப்பவர்கள் ஒரு படம் சிலைக்கும், மறுபடம் கல்வெட்டுக்கும் எடுங்கள். சுண்ணாம்பு அடித்து எழுத்தை மூடியிருந்தால், மூடிய நிலையிலேயே எடுங்கள். பதிவேடு வாசல் மேசையில் இருக்கிறது. முதல் பக்கத்தில் டீக்கடைப் பெரியவரின் ஆல்பத்தை எழுதிவிட்டேன்.