மூடிய விரிசலும் வழுக்கும்

வணக்கம். கையில் இருக்கும் இந்த உருளை, கருங்கல்லிலிருந்து துளையிட்டு எடுத்தது. கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுவருகிறேன், பாருங்கள். கண்ணாடித் துணுக்கு போல இருப்பது குவார்ட்ஸ், வெளிறிய திட்டுகள் ஃபெல்ட்ஸ்பார், கறுப்புப் புள்ளிகள் பயோடைட். விரிசல் ஏதாவது தெரிகிறதா? தெரியாது. ஆனால் படிக ஓரங்களிலும் படிகங்களுக்குள்ளேயும் முடியைவிட மெல்லிய பிளவுகள் ஏராளமாக இருக்கின்றன. பாறை ஆறும்போது குவார்ட்ஸ் ஒரு அளவு சுருங்கும், ஃபெல்ட்ஸ்பார் வேறு அளவு சுருங்கும். அந்த இழுபறியில் பிறந்தவைதான் இவற்றில் பல.

சரி, இதை இயந்திரத்தில் வைத்து மேலிருந்து அழுத்துகிறோம். திரையில் செங்குத்து அச்சு தகைவு, அதாவது ஒரு அலகு பரப்பில் விழும் விசை. கிடை அச்சு திரிபு, அதாவது உருளை தன் நீளத்தில் எத்தனை பங்கு குறுகியது என்பது. கோடு முதலில் கொஞ்சம் படுத்துக் கிடந்துவிட்டு அப்புறம் நிமிர்கிறது. அழுத்தத்துக்குக் குறுக்கே கிடந்த விரிசல்கள் மூடிக்கொண்டதால் வந்த நிமிர்வு அது. இது எல்லாருக்கும் தெரிந்ததுதான், விட்டுவிடலாம்.

விரிசல் மூடினால் அதன் கதை முடிந்தது என்று நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். முடியவில்லை. சாய்வாக இருக்கும் விரிசல் மூடிய பிறகும் அதன் இரண்டு முகங்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கலாம். உள்ளங்கைகளை இப்படி ஒட்டி வையுங்கள். நன்றாக அழுத்திக்கொண்டு ஒரு கையை மேலே தள்ளுங்கள். முதலில் நகராது, பிறகு சட்டென்று வழுக்கும். கல்லுக்குள்ளும் இதே கணக்குதான்: முகங்களைச் சேர்த்துப் பிடிக்கும் அழுத்தம் ஒரு பக்கம், அவற்றை உரசித் தள்ளும் விசை இன்னொரு பக்கம். உராய்வுக் குணகம், அதாவது வழுக்கத் தேவையான விசைக்கும் சேர்த்துப் பிடிக்கும் விசைக்கும் உள்ள விகிதம், 0.6 என்றால், அழுத்தும் திசையிலிருந்து ஏறக்குறைய 30 டிகிரி சாய்ந்த விரிசல்தான் முதலில் நகரும்.

ஒவ்வொரு விரிசலும் வழுக்க வழுக்க உருளை கூடுதலாகக் குறுகும். அதனால் இயந்திரம் காட்டும் யங் குணகம், அதாவது கோட்டின் சாய்வாகத் தெரியும் விறைப்பு, படிகங்களின் உண்மையான விறைப்பைவிடக் குறைவாக வரும்.

இப்போது சுமையை இறக்குகிறேன். இந்த இடத்தை நன்றாகக் கவனியுங்கள். ஏறிய பாதையில் கோடு இறங்கவில்லை, அதைவிடச் செங்குத்தாக இறங்குகிறது! மறுபடி கைகளுக்கு வாருங்கள். தள்ளுவதைக் கொஞ்சம் தளர்த்தினால் கை உடனே பின்னால் போகிறதா? இல்லை, அங்கேயே ஒட்டி நிற்கிறது. இதுவரை முன்னால் போவதைத் தடுத்த உராய்வு இனி பின்னால் வருவதைத் தடுக்கும். அது திசை மாறி முடியும்வரை விரிசல்கள் பூட்டியபடி நிற்கும். அந்தச் சில கணங்கள் கல், விரிசலே இல்லாத கல்லைப் போல நடந்துகொள்ளும். 1965இல் வால்ஷ் என்ற ஆய்வாளர் இதைக் கணக்குப்போட்டுக் காட்டினார்: இறக்கத்தின் தொடக்கச் சாய்வுதான் படிகங்களின் விறைப்பு. நான் ஒருமுறை இறக்கம் முழுவதற்கும் ஒரே நேர்கோடு போட்டு, வந்த எண்ணைப் பெருமையாக எழுதிவைத்தேன். தப்பு. முதல் சில புள்ளிகள் போதும், அதற்குக் கீழே விரிசல்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வழுக்கத் தொடங்கிவிடும்.

ஒலி அலையை அனுப்பி அளக்கும் யங் குணகம், இயந்திரம் காட்டுவதைவிட அதிகமாக வருவதற்கும் இது ஒரு முக்கியக் காரணம். அலையின் திரிபு பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அவ்வளவு சின்ன உலுக்கலுக்கு உராய்வு அசையாது.

சுமையை இறக்காமல் ஏற்றிக்கொண்டே போனால் என்ன ஆகும்? வழுக்கும் விரிசலின் முனைகளில் இழுவிசை சேரும். அங்கிருந்து சிறகு போலப் புது விரிசல்கள் கிளம்பி, அழுத்தும் திசைக்கே வளைந்து போகும். அவை வாய் திறப்பதால் உருளை பக்கவாட்டில் உப்பும். உடையும் தகைவில் மூன்றில் ஒரு பங்கு முதல் மூன்றில் இரண்டு பங்குக்குள் இந்த உப்பல் தொடங்குவதை 1966இல் பிரேஸ், பால்டிங், ஷோல்ஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள்.

கடைசியாகத் திரையின் அடிமூலையைப் பாருங்கள். சுமை பூஜ்யம், ஆனால் கோடு கிளம்பிய புள்ளிக்கு வந்து சேரவில்லை. சில விரிசல்கள் உராய்வில் சிக்கி, போன இடத்திலேயே நிற்கின்றன. உருளையை எடுக்காமல் அப்படியே மறுபடி சுமை ஏற்றுகிறேன், அந்தக் கோட்டை அடுத்த வீடியோவில் பார்க்கலாம்.