பிரிண்ட் எடுத்தா கையெழுத்து காலி! உங்க சான்றிதழ்ல நடக்குற விஷயம்

(திரையில்: லேமினேட் பண்ணின வருமானச் சான்றிதழ்)

இதுல தாசில்தார் கையெழுத்து எங்க இருக்கு, சொல்லுங்க பார்ப்போம்? கீழே பேரு, தேதி, நேரம்னு கட்டம் கட்டியிருக்கே, அதுவா? அது கையெழுத்தே இல்லைங்க! கும்பகோணத்துல ஈ-சேவை மையத்துல பிரிண்ட் எடுத்த நொடியே நிஜக் கையெழுத்து, அதாவது ஃபைலுக்குள்ள இருந்த டிஜிட்டல் கையொப்பம், கழண்டுபோச்சு. லேமினேஷன் காசு தண்டம்.

இந்த டிஜிட்டல் கையொப்பத்தோட வரலாறு ஒரே மூச்சுல: 2000ல தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2008ல திருத்தம், 2015ல ஆதார் ஓடிபி வச்சே கையெழுத்துப் போடுற இ-சைன். முடிஞ்சுது.

இப்ப எனக்குப் பிடிச்ச இடம். தஞ்சாவூர் கரந்தை தெரியும்ல? கரந்தைச் செப்பேடுகள்னு ராஜேந்திர சோழன் காலத்துது ஒண்ணு இருக்கு. ஒவ்வொரு ஏட்டுலயும் ஓட்டை போட்டு, எல்லாத்தையும் ஒரே வளையத்துல கோத்து, வளையத்தோட முனைகளை இணைச்சு அது மேல ராஜமுத்திரை. புலி, ரெண்டு மீன், வில்லு. நடுவுல ஒரு ஏட்டை உருவிட்டு, நம்ம மாமா பேர்ல ரெண்டு வேலி நிலம்னு புதுசா எழுதிச் சொருகணும்னா? வளையத்தை அறுத்தாகணும். அறுத்தா மாட்டிக்குவீங்க!

டிஜிட்டல் கையொப்பம் பண்றதும் இதேதான். அதிகாரிகிட்ட பென் டிரைவ் சைசுல ஒரு டோக்கன் இருக்கும், ஆபீஸ்ல 'டிஎஸ்சி'ன்னுவாங்க, டிஜிட்டல் சிக்னேச்சர் சர்டிஃபிகேட்டோட சுருக்கம். அதைச் சொருகி பின் நம்பர் போட்டதும், ஃபைல் மொத்தத்தையும் வச்சு ஒரு கணக்கு போட்டு, அவரோட ரகசியச் சாவியால அதைப் பூட்டிடும். அப்புறம் நீங்க 72,000ல ஒரே ஒரு பூஜ்யத்தைத் தூக்கினாலும் கணக்கு இடிக்கும். வளையம் அறுந்துச்சு!

ஆனா இந்த வளையம் ஃபைலுக்குள்ளதான் இருக்கு, பேப்பருக்கு வராது. பேப்பரைச் சோதிக்கணும்னா சான்றிதழ் எண், க்யூஆர் கோடு, அவ்வளவுதான் வழி. அதனால டவுன்லோடு ஆன பிடிஎஃபை அப்படியே பத்திரமா வைங்க. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பினா அது வெறும் போட்டோ.

கம்ப்யூட்டர்ல திறந்தா சில சமயம் மஞ்சள் கேள்விக்குறி வரும். உடனே போலின்னு பதறாதீங்க. அந்த சாஃப்ட்வேருக்கு 'சிசிஏ இந்தியா'ங்கிற நம்ம நாட்டு மூலச்சான்று, அதாவது இந்தக் கையொப்பங்களுக்கெல்லாம் மேல நின்னு உத்தரவாதம் தர்ற அரசுச் சான்று, அறிமுகம் ஆகலை. கையொப்பத்துக்கு யார் உத்தரவாதம், அவங்களுக்கு யார் உத்தரவாதம்னு போற சங்கிலி அந்தப் பேர் வரைக்கும் போகுதான்னு பார்த்துட்டு, நம்பிக்கைப் பட்டியல்ல சேர்த்தா பச்சை டிக். பச்சை மை கையெழுத்துக்கு அலைஞ்ச காலத்துக்கு இது எவ்வளவோ தேவலாம்.

உயிலுக்கு மட்டும் இது செல்லாது. பேனாவும் ரெண்டு சாட்சியும் வேணும். தாத்தாகிட்ட ஓடிபி கேட்டு நிக்காதீங்க!

இவ்வளவுக்கும் பிறகு, பிடிஎஃபை நீட்டினா "சீல் எங்க? ஒரிஜினல் கொண்டாங்க"ன்னு கவுண்டர்ல திருப்பி அனுப்பினாங்களா? கமெண்ட்ல வந்து கொட்டுங்க.