குழி இருக்கிறது, தண்ணீர் இறங்குகிறதா?

அவையோர்க்கு வணக்கம். நடுவர் அவர்களே! 'தமிழ்நாட்டின் நீரையும் நிலத்தையும் காப்பதில் பெரிதும் கைகொடுப்பது சட்டமா, கல்வியா?' என்று தலைப்புத் தந்திருக்கிறீர்கள். சட்டமே என்று பேசிய நண்பர் இரண்டு சான்றுகளை வைத்தார். ஒன்று, 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமான மழைநீர் சேகரிப்பு. மற்றொன்று, 2019 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள பிளாஸ்டிக் தடை. அந்த இரண்டை வைத்தே, கல்விதான் என்று நான் பேசுகிறேன்.

2003-இல் சட்டம் வந்தது, மாடி மழைநீரை இறக்கும் குழாயும் அதை நிலத்துக்குள் விடும் குழியும் வீட்டுக்கு வீடு வந்தன. மறுக்க மாட்டேன், பெரிய சாதனை. ஆனால் 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டபோது சென்னை குடத்தோடு லாரிக்குக் காத்து நின்றது. முந்தைய ஆண்டு பருவமழை பொய்த்தது உண்மைதான். பெய்த மழையையாவது நம் குழிகள் முழுசாக வாங்கினவா?

ஒரு குழியின் மூடியைத் திறந்து பார்ப்போம். அடியில் பெரிய ஜல்லி, அதன்மேல் சின்ன ஜல்லி, ஒரு நைலான் வலை, அதற்கும் மேலே ஆற்று மணல். மொட்டை மாடித் தூசியும் வேப்பஞ்சருகும் பறவை எச்சமும் முதல் மழையிலேயே இறங்கி மணல்மேல் ஏடாகப் படியும். இரண்டு பருவம் சுரண்டாமல் விட்டால் அந்த ஏடு இறுகிப்போய்த் தண்ணீரை உள்ளே விடாது. குழி நிரம்பி வாசலில் வழியும். உடனே வீட்டுக்காரர் கொத்தனாரைக் கூப்பிட்டுக் குழாயைத் தெருக் கால்வாய்க்குத் திருப்பிவிடுவார். சட்டப்படி குழியும் இருக்கும், குழாயும் இருக்கும். தண்ணீர் மட்டும் கூவத்துக்குப் போகும்!

இதற்கு வேண்டியது என்ன? செப்டம்பரில் மாடியைப் பெருக்க வேண்டும். முதல் மழைத் தண்ணீரை, குழாயின் வால்வைத் திறந்து வெளியே விட வேண்டும். மேல்மணலை நான்கு விரற்கடை வாரி, அலசிப் போட வேண்டும். அரைநாள் வேலை. பெசன்ட் நகர் போன்ற கடலோர மணலில் சாதாரணக் குழியே குடித்துவிடும்; களிமண் பகுதியில் குழிக்குள்ளேயே துளை போட்டு, கீழே உள்ள மணல் அடுக்கைத் தொட்டால்தான் தண்ணீர் இறங்கும். தன் வீட்டு மண் எது என்று தெரிந்தவருக்கே இது புரியும். அந்தத் தெளிவை எந்த அரசாணை தரும், நடுவர் அவர்களே?

ஏழாம் வகுப்புப் பிள்ளை தரும். மழையை அளக்க, நேர்ச்சுவர் உள்ள ஒரு பாட்டிலின் கழுத்தை வெட்டி, அடிவளைவில் கூழாங்கல் போட்டு, தண்ணீர் ஊற்றிப் பூஜ்யக் கோடு போடுகிறது. மரத்துக்கும் சுவருக்கும் தள்ளி வைத்து, மழை விட்டதும் அளவுகோலால் அளக்கிறது. 1,000 சதுர அடி மாடி என்பது ஏறக்குறைய 93 சதுர மீட்டர். 1 மில்லிமீட்டர் மழைக்கு 93 லிட்டர். ஒருநாள் 50 மில்லிமீட்டர் பெய்தால் 4,650 லிட்டர். சேதாரம் ஐந்தில் ஒரு பங்கு போனாலும் 3,700 லிட்டர் மிச்சம். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிள்ளை வீட்டுக்குப் போய், "அப்பா, நம்ம குழியைத் திறங்க" என்று கேட்காமல் இருக்குமா?

அடுத்து பிளாஸ்டிக் தடை. மெல்லிய பை மறைந்ததும் துணிபோலவே தெரியும் ஒரு பை கடைக்கு வந்தது. அதுவும் தடைப் பட்டியலில் உள்ளதுதான். துணி என்று நம்பி வாங்கியவர்கள் எத்தனையோ பேர். ஆசிரியர் வகுப்பில் உண்மையான துணிப்பை, இந்தப் பை இரண்டிலும் ஒரு துணுக்கை இடுக்கியால் பிடித்துக் கொளுத்திக் காட்டினால் போதும். பருத்தித் துணி, காகிதம் எரிவது போன்ற வாடையோடு சாம்பலாகும். மற்றது சுருங்கி, உருகி, உருண்டையாகும், அது பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக். ஒருமுறை பார்த்த கண் ஏமாறாது. அபராதம் போட அதிகாரி வரும்வரை அது காத்திருக்கவும் வேண்டாம். 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்று அரசே மக்களைத் தேடி வந்ததே, ஏன்? தடை மட்டும் போதவில்லை என்பதால்தான்.

எதிரணி ஒன்று கேட்கலாம்: சுற்றுச்சூழல் பாடத்தைக் கட்டாயமாக்கியதே 1991-இல் உச்ச நீதிமன்றம்தானே? ஆம், அதை மனதார ஒப்புக்கொள்கிறேன். அந்த உத்தரவால் பாடம் புத்தகத்துக்குள் வந்தது. வந்து, இரண்டு மதிப்பெண் கேள்வியாக உட்கார்ந்துவிட்டது. 2001-02-இல் தேசியப் பசுமைப் படை தொடங்கி, பள்ளிகளில் சூழல் மன்றங்கள் வந்தன. ஆனால் பல இடங்களில் அது ஒரே ஆசிரியரின் தலையில் விழுந்த கூடுதல் பொறுப்பு. ஜூன் 5 அன்று மரக்கன்று, புகைப்படம். ஏப்ரல் வெயிலில் அந்தக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை. பொதுமக்கள் தோள்கொடுக்க வேண்டிய இடம் இதுதான்.

சத்துணவுக் கூடத்தின் காய்கறிக் கழிவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கூடை கழிவுக்கு இரண்டு கூடை சருகு. வாரம் ஒருமுறை கிளற வேண்டும். கையில் எடுத்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வர வேண்டும். நாறினால் ஈரம் கூடிக் காற்று போகவில்லை என்று பொருள், சருகைச் சேர்க்க வேண்டும். மக்காமல் கிடந்தால் தண்ணீர் தெளிக்க வேண்டும். இரண்டு மாதத்தில் உரம். இதற்குப் பெரிய நிதி வேண்டாம். ஆனால் மே மாத விடுமுறையில் யார் கிளறுவது? பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர் கிளறலாம். ஊராட்சி சருகைத் தரலாம். வாரம் இரண்டு பாடவேளையைத் தேர்வுக்குப் பிடுங்காமல் விட்டுவைக்கும்படி ஊரே தலைமையாசிரியரிடம் கேட்கலாம். ஒரு பள்ளியில் ஆர்வமுள்ள ஆசிரியர் இருந்தால் நடக்கும், மாற்றலாகிப் போனால் நின்றுவிடும் என்ற நிலை ஒழிய, மாநிலம் முழுவதற்கும் ஒரே ஏற்பாடும் தனி நிதியும் வேண்டும். அதைத்தான் எங்கள் அணி கேட்கிறது.

"கல்விக்குக் காலம் பிடிக்கும், ஆறு காத்திருக்காது" என்றார் நண்பர். ஜூனில் பள்ளி திறக்கிறது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வருகிறது. நடுவில் முழுசாக நான்கு மாதம் இருக்கிறது. ஒரு வகுப்புப் பிள்ளைகள் தங்கள் தெருவின் குழிகளை எல்லாம் திறந்து பார்க்க அது தாராளம். இதை மனத்தில் வைத்துத் தீர்ப்புச் சொல்லுமாறு கேட்டு அமர்கிறேன், வணக்கம்.