துலா மிதித்த நீராவி

வணக்கம் நேயர்களே. கிணற்றில் தண்ணீர் இறைக்கிற ஏற்றமரமான துலாவை மிதித்ததைக் கண்ட பலர் இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். துலாவின் மேலே ஒருவரோ இருவரோ முன்னும் பின்னும் நடப்பார்கள். கிணற்றடியில் ஒருவர் பட்டையைப் பிடித்து ஊற்றுவார். தோட்டத்துக்குள் இன்னொருவர் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறுவார். ஒரு இறைப்புக்கு மூன்று நாலு பேர்.

அந்தத் துலாவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 1712இல் இங்கிலாந்தில், டட்லிக்கு அருகே ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில், தோமஸ் நியூகொமன் நிறுத்திய நீராவி இயந்திரமும் ஒரு துலாதான். நடுவில் அச்சு, இரு முனையும் ஏறி இறங்கும் பெருமரம். ஒரு முனையில் சுரங்கத்துக்குள் இறங்கும் பம்புத் தண்டு, மறுமுனையில் மிதிக்கிற ஆளின் இடத்தில் பிஸ்டன். உருளைக்குள் நீராவியை விட்டுக் குளிர்தண்ணீரைப் பீய்ச்சினால் ஆவி சுருங்கும். வெளிக்காற்று பிஸ்டனைக் கீழே அமுக்கும். மறுமுனை தண்ணீரோடு எழும். நிமிடத்துக்கு 12 முறை, முறைக்கு 10 கலன், 150 அடி ஆழத்திலிருந்து!

ஆனால் ஒரே உருளை ஒவ்வொரு முறையும் சூடாகிக் குளிரவேண்டும். கொதித்த பானையைப் பச்சைத்தண்ணீரில் இறக்கி, திரும்ப அடுப்பில் ஏற்றுவதுபோல. கரி அப்படியே போய்விடும். ஜேம்ஸ் வாட் ஆவியைக் குளிர்விக்கத் தனிப் பாத்திரம் வைத்தார். 1769இல் காப்புரிமை பெற்றார்.

உடனே எல்லாரும் வாங்கிவிடவில்லை. கரி கிடையாத கோர்ன்வாலின் செப்பு, வெள்ளீயச் சுரங்கக்காரர் வாங்கினார்கள். மிச்சமான கரியின் பெறுமதியில் மூன்றிலொரு பங்கு வாட்டுக்கும் கூட்டாளி போல்டனுக்கும் போனது. கரிச் சுரங்கங்களிலோ நியூகொமனின் இயந்திரமே பலகாலம் ஓடியது. விலைபோகாத தூள்கரி அங்கே குவிந்து கிடந்தது. எந்த இயந்திரம் எங்கே நிலைக்கும் என்பது விலைக் கணக்கு.

எங்கள் யாழ்ப்பாணத் தோட்டங்களில் துலாவுக்குப் பதிலாகத் தண்ணீர் இறைக்கும் மிசின் வந்தபோதும் அதே கணக்குத்தான். ஒரு பக்கம் மூன்று நாலு பேரின் கூலி, மறுபக்கம் ஒரு இறைப்புக்கான மண்ணெண்ணெய். 1970களில் வெங்காயம், மிளகாய் இறக்குமதி கட்டுப்பட்டிருந்த காலத்தில் விளைச்சலுக்கு நல்ல விலை. மிசின் வாங்கிய காசு தோட்டத்திலேயே திரும்பியது. 1977க்குப் பிறகு இறக்குமதி திறந்தது, விலை விழுந்தது. மிசின் அதே மிசின்.

நேரம் முடியப்போகிறது, உப்புத்தண்ணீர் விஷயத்தைச் சுருக்கித்தான் சொல்லவேண்டும். எங்கள் நன்னீர் உவர்நீரின்மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி நிற்கும். மேலே அந்த ஓரடி குறைந்தால், கீழே உவர் 40 அடி ஏறப் பார்க்கும். துலாக்காரர் களைத்து இறங்குவார், கிணறு ஊறும்; மிசின் களைக்காது. ஆகவே ஒரே மூச்சில் இறைக்காமல் இரண்டாகப் பிரித்து, இடையில் ஊறவிடுங்கள். வாயில் வைத்துப் பார்க்கையில் உவர்த்தால், அன்றைக்கு மிசினை நிற்பாட்டிவிடுங்கள். வணக்கம்.