தனுஷ்கோடி மணலில் ஊறும் நல்ல தண்ணி: அன்றாட அப்பத்துக்கு ஒரு பாடம்

[காட்சி: மணலில் தோண்டிய சின்னக் குழி. அடியில் தெளிந்த தண்ணி. பின்னால் அலைச் சத்தம்.]

இந்தக் குழியில இருக்கிறது குடிக்கிற தண்ணி. கடல் கூப்பிடு தூரத்துலதான் இருக்கு. ஒரு பக்கம் பாக் நீரிணை, மறுபக்கம் மன்னார் வளைகுடா, நடுவுல ஒரு மணல் திட்டு. அந்தத் திட்டுல சில அடி தோண்டினாலே நல்ல தண்ணி ஊறுது. தனுஷ்கோடியில குடிசை போட்டு மீன்பிடிக்கிற குடும்பங்கள் குடிக்கவும் சமைக்கவும் இந்த ஊத்துத் தண்ணியைத்தான் எடுத்திருக்காங்க.

அன்பியக் கூட்டமாவோ (பக்கத்துப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் சேர்ற குழு) மறைக்கல்விப் பிள்ளைங்களோடவோ இங்க வர்றவங்க, ஊத்தைப் பார்த்ததும் ஒரு வசனம் சொல்லிட்டுக் கிளம்பிடுறாங்க. கொஞ்சம் பொறுங்க. அது எப்படி ஊறுதுன்னு முதல்ல புரிஞ்சுக்கங்க. படைச்சவர் வேலை அந்த விவரத்துலதான் இருக்கு.

[காட்சி: மணல் திட்டின் குறுக்குவெட்டுப் படம். மேலே மழைத்தண்ணி, கீழே உப்புத்தண்ணி.]

இந்தக் கரைக்குப் பெரிய மழை அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும். பெய்யுற மழையை மணல் அப்படியே உள்ள வாங்கிக்குது. கடல்தண்ணி உப்பு சேர்ந்ததால நல்ல தண்ணியை விட நூத்துக்கு 2.5 பங்கு கனம் அதிகம். அதனால மழைத்தண்ணி உப்புத்தண்ணி மேல, எண்ணெய் மிதக்கிற மாதிரி மிதக்குது. ஒரு வித்தியாசம்: எண்ணெய் கலக்காது, இது கலக்கும். மணல் இடுக்குல தண்ணி மெதுவாத்தான் நகரும், அதனால கலக்கிறதும் மெதுவாத்தான் நடக்குது.

கணக்கைப் பாருங்க. கடல் மட்டத்துக்கு மேல 1 அடி நல்ல தண்ணி நின்னா, அதைத் தாங்க கடல் மட்டத்துக்குக் கீழ சுமார் 40 அடி நல்ல தண்ணி இருக்கும். இதையே திருப்பிப் போட்டா ஆபத்து தெரியும். அளவுக்கு மீறி இறைச்சு மேல 1 அடி குறைஞ்சா, அடியில இருக்கிற உப்பு சுமார் 40 அடி வரைக்கும் ஏறி வரலாம். ஆழமாத் தோண்டினாலும் மோட்டார் வெச்சு இழுத்தாலும் இதுதான் கதி. ஒரு தடவை உப்பு ஏறிட்டா, ஒரே மழையில ஊத்து பழையபடி ஆகும்னு சொல்ல முடியாது.

[காட்சி: சிரட்டையில் அள்ளுகிறார்கள். குழி வற்றுகிறது. மெல்ல மீண்டும் ஊறுகிறது.]

சிரட்டையால மேலாப்புல அள்ளணும். குடம் பாதி நிறையறதுக்குள்ள குழி காலி. உட்கார்ந்து காத்திருக்கணும். பக்கவாட்டு மணல் கசிஞ்சு, கலங்கல் அடங்கி, திரும்பவும் தெளியும். அவசரப்பட்டு அடியைக் கிளறினா சேறும் உப்பும்தான் வரும்.

இப்ப பைபிள்ல விடுதலைப் பயணம் 16-ஐத் திறங்க. பாலைவனத்துல இஸ்ரயேல் மக்களுக்கு ஆண்டவர் கொடுத்த உணவு, மன்னா. அன்னன்னிக்குத் தேவையானதை மட்டும் சேர்க்கச் சொன்னார் ஆண்டவர். மறுநாளைக்குன்னு மிச்சம் வெச்சவங்களோட பங்குல புழு வெச்சு நாறிப்போச்சு. இயேசு கத்துக்கொடுத்த ஜெபத்துலயும் இன்னைக்குத் தேவையான அப்பத்தைத்தான் கேட்கிறோம். நாளைக்கு என்ன ஆகுமோன்னு நெஞ்சு அடிச்சுக்கிறவங்களுக்கு இந்த ஊத்துப் பக்கம் ஒரு மணி நேரம் உட்கார்றது பெரிய ஆறுதல். உப்புக்கு நடுவுல கொடுத்திருக்கார். காத்திருந்தா திரும்பவும் ஊறும் அளவுக்குக் கொடுத்திருக்கார்.

குழுவா வரும்போது எப்படிச் செய்யலாம்? காலையில 7 மணிக்குள்ள வந்துடுங்க, அப்புறம் மணல் சுடும். புதுசாக் குழி தோண்டவே வேண்டாம். இருக்கிற ஊத்து ஒரு குடும்பத்தோட குடிதண்ணி, அவங்ககிட்ட கேட்டுட்டு பக்கத்துல உட்காருங்க, செருப்பைத் தள்ளி விடுங்க. முதல் 20 நிமிஷம் யாரும் பேசாம பார்க்கட்டும். அடுத்து, பார்த்ததை மட்டும் ஆளுக்கு ஒண்ணு சொல்லட்டும்: "ஓரத்து மணல் ஈரமா இருக்கு", "நண்டு தடம் இருக்கு." அதுக்கப்புறம்தான் வேத வாசிப்பு, ஒரே ஒரு பகுதி. மூணு நாலு பகுதி வாசிச்சா ஊத்து மறந்துபோயிடும்.

[காட்சி: தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் தேவாலயச் சுவர்.]

இங்க நடக்கிற பெரிய தப்பு, இயற்கையை சகுனமாப் பார்க்கிறது. கடல் அமைதியா இருந்தா ஆண்டவர் சம்மதம், கொந்தளிச்சா கோபம்னு பேசுறது. 1964 டிசம்பர் 22 ராத்திரி அடிச்ச புயல்ல இந்த ஊரே போச்சு. பயணிகளோட வந்த ரயிலையும் கடல் கொண்டுபோச்சு. செத்துப்போனவங்க மேல ஆண்டவருக்குக் கோபம்னு சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. படைப்பு முழுசும் பேறுகால வேதனையில தவிக்குதுன்னு உரோமையர் 8-ல பவுல் எழுதுறார். இந்தச் சுவர் முன்னாடி வாசிக்க வேண்டிய பகுதி அதுதான். கடல் அழகை மட்டும் காட்டிட்டு இந்த இடத்தைத் தாண்டிப் போகாதீங்க. கடல்ல ஆளைப் பறிகொடுத்த வீட்டுக்காரங்க உங்க கூட்டத்துலயே இருக்கலாம்.

நடக்க முடியாதவங்க இருந்தா தொண்டிப் பக்கம் காரங்காட்டுக்கு வாங்க, அலையாத்திக் காட்டுக்குள்ள படகுல போகலாம். சில அலையாத்தி மரங்கள் வேர் வழியா உறிஞ்சின உப்பை இலை வழியா வெளியேத்தும். வெயில் ஏறினதும் இலையைத் தடவிப் பாருங்க, உப்புப் பொடி விரல்ல ஒட்டும். பிள்ளைங்க இதை மறக்கவே மாட்டாங்க.

மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவுல இருக்கிற 21 தீவுக்கும் அனுமதி இல்லாமப் போகக்கூடாது. பவளத்தை நினைவுக்குன்னு எடுக்கிறதும் சட்டப்படி குற்றம். தனுஷ்கோடி நிலம் முடியுற அரிச்சல்முனையில எந்தப் பக்கமும் தண்ணியில இறங்க வேண்டாம், நீரோட்டம் காலை வாரிடும்.

[காட்சி: கோடை. குழியோரம் வெள்ளையாக உப்புப் பூத்த மணல்.]

மே மாசம் வந்தா சில ஊத்துல தண்ணி லேசாக் கரிக்கும். அதை மறைக்காதீங்க, வேற நல்ல ஊத்தைத் தேடி அலையவும் வேண்டாம். அன்னைக்கு மன்னாவுக்குப் பதிலா அதுக்கு முந்தின அதிகாரத்தை, விடுதலைப் பயணம் 15-ஐ, 22-ம் வசனத்துல இருந்து வாசிங்க. மக்கள் மாராங்கிற இடத்துல கசந்த தண்ணி முன்னாடி நிக்கிற பகுதி அது.