தட்டில முளைச்சதைப் பார்த்துப் பயப்பிடாதீங்க: பூஞ்சணப் பரிசோதனை

வணக்கம் மக்கள், திருகோணமலையில இருந்து. போன மாரிகாலத்தில போட்ட வீடியோவுக்குக் கீழ இந்தக் கிழமை முழுக்க ஒரே படம்தான் வருது. பெட்ரி தட்டு (பூஞ்சணம் வளர உணவு போட்ட சின்னத் தட்டு), உள்ளுக்குப் பச்சையும் கறுப்புமாப் படர்ந்த பூஞ்சணம், "அக்கா, வீட்டைவிட்டு எழும்பவா?" எண்டொரு கேள்வி. எனக்கு உண்மையாவே கோபம் வருது, கேட்கிற ஆக்களில இல்ல, இந்தத் தட்டை வீட்டுப் பூஞ்சணப் பரிசோதனை எண்டு விக்கிற கிட்டில.

ஒரு மணித்தியாலம் திறந்து வைச்ச தட்டு கோணேசர் கோயில் வாசல்லயும் முளைக்கும். வித்திகள், அதாவது பூஞ்சணம் பரவுற விதை மாதிரியான துகள்கள், எல்லாக் காற்றிலயும் இருக்கு. எத்தினை லீற்றர் காற்றில இருந்து விழுந்தது எண்டு தட்டு சொல்லாது. பாரமான வித்தி முதல்ல விழும், லேசானது மிதந்து போயிரும். நனைஞ்ச சீலிங் போர்டில வாற ஸ்டாக்கிபொட்ரிஸ் எண்ட கறுப்புப் பூஞ்சணம் தட்டில மெதுவாத்தான் வளரும், அதுக்குள்ள பெனிசிலியம் எண்ட வேகமா வளர்ற பூஞ்சணம் இடத்தைப் பிடிச்சிரும். அதால முளைச்சாலும் ஒண்டும் தெரியாது, முளைக்காட்டியும் தெரியாது.

முதல்ல அது பூஞ்சணமா எண்டு பாருங்க. கடற்கரைப் பக்கம், உப்புவெளி மாதிரி இடங்களில, சுவரடியில வெள்ளையாப் பூக்கிறது கனநேரம் உப்புத்தான். ஒரு சொட்டுத் தண்ணி விடுங்க. கரைஞ்சா உப்பு. கறுப்புத் திட்டெண்டா ஐதாக்கின ப்ளீச் ஒரு சொட்டு. 1, 2 நிமிசத்தில வெளுத்தா பூஞ்சணமா இருக்கலாம், அப்பிடியே நிண்டா புகைக்கரி, ஊத்தை. ஜன்னலைத் திறந்து வையுங்க. வினாகிரியோ, கழிவறை கழுவுற அசிட்டோ ப்ளீச்சோட சேரவே கூடாது, குளோரின் வாயு வரும்.

இனி டேப், அதாவது திட்டில இருந்து வித்தியை ஒட்டி எடுத்து மைக்ரோஸ்கோப்பில பார்க்கிற முறை. எனக்குப் பிடிச்ச முறை இதுதான், செலவும் இல்லாத மாதிரி. கண்ணாடி மாதிரித் தெளிவான, பளபளக்கிற செலோடேப் வேணும். மங்கல் வகையும் பெட்டி ஒட்டுற மண்ணிறமும் வேண்டாம், மைக்ரோஸ்கோப்பில ஒளி போகாது. 5 சென்ரிமீற்றர் வெட்டி, இரண்டு நுனியையும் பிடிச்சு, திட்டின்ர நடுவில இல்ல, ஓரத்தில வையுங்க. நடுவில அடர்த்தி கூட, ஒண்டுக்கு மேல ஒண்டு கிடந்து ஒண்டும் பிரியாது. பெருவிரலால ஒருக்கா அமத்துங்க, தேய்க்கவே வேண்டாம், வித்திச் சங்கிலி உடைஞ்சிரும். மெதுவா உரிச்சுக் கண்ணாடி ஸ்லைட்டிலயோ ஸிப் பையின்ர உள்பக்கத்திலயோ மட்டமா ஒட்டுங்க. கடதாசியில ஒட்டினா நார் வந்திரும். காற்றுக்குமிழும் விடாதீங்க, கறுப்பு விளிம்போட வட்டமா நிண்டு வித்தி மாதிரியே ஏமாத்தும். நல்லா இருக்கிற சுவரில இருந்தும் ஒரு துண்டு எடுங்க, ஒப்பிடத் தேவை. ஈரச் சுவரில பசை பிடிக்காது, அங்க ஸ்வாப் (பஞ்சுக்குச்சி) நல்லம். ஃபான் போட்டுக் காய வைக்காதீங்க, வித்தி வீடெல்லாம் பறக்கும்.

அட, கிளவுஸும் மாஸ்க்கும் சொல்லாம விட்டிட்டன். டேப்பைத் தொட முதலே போடுங்க.

இனிக் காற்றுப் பரிசோதனை. ஸ்போர் ட்ரப் கசெட் (பம்ப் இழுக்கிற காற்றில இருந்து வித்தியைப் பிடிக்கிற சின்னப் பெட்டி), பம்ப் நிமிசத்துக்கு 15 லீற்றர், 5 நிமிசம், மொத்தம் 75 லீற்றர். அதே நாள் வெளியிலயும் ஒண்டு கட்டாயம். இங்க கவனமா வாசிங்க: 75 லீற்றரில ஒரேயொரு வித்தி எண்ணினாலே அறிக்கையில கன மீற்றருக்கு, அதாவது 1000 லீற்றருக்கு, 13 எண்டு வரும். "வெளியில 0, அறையில 13" எண்டு பதறினா, ஒரு வித்திக்குப் பதறுறீங்க. உலக சுகாதார நிறுவனம் 2009ல வெளியிட்ட வழிகாட்டியிலயும் பூஞ்சணத்துக்கு எண்ணிக்கை எல்லை இல்ல. எங்கட பழைய வீடுகளில ஜன்னலுக்கு மேல காற்றுத்துவாரம் திறந்தபடி. உள்காற்றும் வெளிக்காற்றும் ஒண்டுதான், அங்க இந்தப் பரிசோதனைக்குக் காசு கொடுக்கவே வேண்டாம். பூட்டி வைக்கிற ஏசி அறைக்கெண்டா எடுக்கலாம். மழைக்குள்ள எடுக்காதீங்க, வெளி எண்ணிக்கை குழம்பிரும்.

அந்தக் காசை ஈரம் தேடச் செலவழிங்க. சுவரில குத்தி ஈரம் பார்க்கிற ஊசி மீட்டர் மின்கடத்தலைத்தான் அளக்குது, உப்புப் பிடிச்ச சுவரில காய்ஞ்சிருந்தாலும் ஏறிக் காட்டும். பதிலா ஒரு சதுரப் பொலித்தீனை நாலு பக்கமும் டேப்பால சுவரில ஒட்டி 24 மணித்தியாலம் விடுங்க. சுவர்ப் பக்கம் வேர்த்தா ஈரம் சுவருக்குள்ள, வெளிப்பக்கம் வேர்த்தா அறைக் காற்றில.

காற்றின்ர ஈரப்பதன் 60 வீதத்துக்குக் கீழ நிக்கோணும். ஆனா ஈரப்பதன் மீட்டரை நம்ப முதல், போத்தல் மூடியில உப்பைத் தண்ணி விட்டுக் களியாக் குழைச்சு, மூடியையும் மீட்டரையும் பைக்குள்ள இறுக்கிப் பூட்டி ஒரு இரவு வையுங்க. 75 காட்டோணும். 81 காட்டினா, ஒவ்வொரு தடவையும் 6ஐக் கழிச்சு வாசிங்க. டேப் படம் அனுப்பிறாக்கள் எந்த அறை, எந்தச் சுவர், எவ்வளவு உயரம் எண்டு எழுதி அனுப்புங்க.